திறக்கப்படாத நாற்பத்து மூன்று உறைகள்

அமெரிக்க அரசியல் சாசனத்தை எழுதியவர்கள் மேலேயே ஜெருஷா டாலிவருக்குக் கோபம் உண்டு. இருநூறு வருஷத்துக்கு முன்பு செத்துப்போனவர்களை, நேற்று மாலை தன்னிடம் வம்பிழுத்துவிட்டுப் போனவர்களைப் போலத் திட்டுவாள்.

நான் அவள் படித்த கல்லூரியின் தபால் அறையில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். அறுநூறு சின்னப் பெட்டிகள், ஒரு ஜன்னல், ஒரு மரப் பலகை, அவ்வளவுதான் என் ராஜ்ஜியம். ஜெருஷா மூன்றாம் வருஷம் அரசியல் படித்துக்கொண்டிருந்தாள். தபால் இருக்கிறதோ இல்லையோ, மத்தியான வகுப்பு முடிந்ததும் என் ஜன்னலுக்கு வந்துவிடுவாள். கையில் சாப்பாட்டுக் கூடத்துக் கோழி சாண்ட்விச் இருக்கும். பலகையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, வாயில் பாதியும் கையில் மீதியுமாக ஆரம்பிப்பாள்.

"ஆறு லட்சம் பேர் இருக்கற மாநிலத்துக்கும் ரெண்டு செனட்டர். நாலு கோடி பேர் இருக்கற மாநிலத்துக்கும் ரெண்டு செனட்டர். இது எந்த ஊர்க் கணக்கு, மிஸ்டர் வெர்னன்?"

எனக்குத் தெரியாது என்பேன். அவளுக்குப் பதில் தேவையும் இல்லை. நாடு முழுக்க ஓட்டுக் குறைவாக வாங்கியவர் ஜனாதிபதி ஆகலாம் என்றால் எதற்கு எண்ணுகிறார்கள் என்பாள். வேலை நாளான செவ்வாய்க்கிழமையில் தேர்தலை வைப்பது, குதிரை வண்டியில் சந்தைக்கு வந்த விவசாயிகளின் வசதிக்காக அன்றைக்குப் போட்ட சட்டம், இன்றைக்கும் கோழித் தொழிற்சாலையில் நிற்கிறவர்கள் அந்தக் குதிரைக்காகச் சம்பளத்தை விடவேண்டியிருக்கிறது என்பாள். எங்கள் கல்லூரியின் கால்பந்து மைதானத்துக்கு நடுவிலேயே தொகுதிக் கோடு போகிறது. கோல் போஸ்ட் ஒன்று ஒரு தொகுதியில், இன்னொன்று வேறொன்றில். அதை வரைந்தவர்கள் பந்து விளையாடவா வரைந்தார்கள் என்று கேட்பாள். பேராசிரியர் அவள் கட்டுரையில் "கருத்து நிறைய, கட்டுப்பாடு குறைவு" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தாராம். அதற்கும் ஒரு வாரம் திட்டினாள்.

ஆனால் அந்தக் கோபமெல்லாம் தூரத்து வாஷிங்டன் மேல். கேல்வுட் கவுண்டி என்கிற எங்கள் மாவட்டத்தை அவள் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை, ஆறாம் நம்பர் பஸ்ஸை நிறுத்தப்போகிறார்கள் என்ற செய்தி வரும்வரை.

அவள் அம்மா லவர்ன், கவுண்டி ஆஸ்பத்திரியில் படுக்கை விரிப்புகளைத் துவைக்கிற பிரிவில் வேலை செய்தாள். வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம். கார் கிடையாது. ஆறாம் நம்பரின் முதல் பஸ்ஸில் ஏறினால்தான் வேலைக்குப் போய்ச் சேரமுடியும். கவுண்டி மன்றத்தில் ஐந்து பேர். இரண்டு பேர் பஸ் வேண்டும் என்றார்கள், இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஐந்தாவது இடத்துக்கு அந்த நவம்பரில் தேர்தல். கார் விற்பனைக் கடை வைத்திருந்த ராய்ஸ் கில்லியம் ஒரு பக்கம். அதே ஆறாம் நம்பரை இருபத்தாறு வருஷம் ஓட்டி ஓய்வுபெற்ற ஒடெஸ்ஸா பிம் என்கிற அம்மாள் மறுபக்கம்.

ஜெருஷா ஒடெஸ்ஸாவுக்காக இறங்கினாள். தான் தங்கியிருந்த கல்லூரி விடுதியில் ஒரு கதவு விடாமல் தட்டினாள். "ஜனாதிபதிக்கு யாருக்கு வேணா போடு, போடாமலே இரு, எனக்குக் கவலையில்ல. அதே ஓட்டுச் சீட்டோட அடியில வர்ற கவுண்டி மன்றப் பேரை மட்டும் பாரு" என்பதுதான் அவள் பிரசாரம். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள், நிறையப் பேர் வருகிறோம் என்றார்கள்.

எங்கள் வாக்குச்சாவடி தீயணைப்பு நிலையத்தில். தேர்தலன்று காலையிலேயே ஜெருஷா வரிசையில் நின்றாள். பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தவர் மிஸ் ஆர்டெல்லா. ஜெருஷா போகிற தேவாலயத்தில் பாடுகிறவர், அவளைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர். பட்டியலை இரண்டு தடவை பார்த்தார்.

"உன் பேரு இல்லையே, கண்ணு."

"போன தடவ இதே மேசையிலதான கையெழுத்துப் போட்டேன், மிஸ் ஆர்டெல்லா?"

"தெரியும்டா. நான்தான உனக்கு ஓட்டுப் போட்டாச்சுன்னு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டேன். ஆனா இதுல இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

பட்டியலில் இல்லாதவர்களுக்குத் தனியாக ஒரு வாக்குச்சீட்டு உண்டு. அதை நிரப்பி ஓர் உறையில் போட்டு ஒட்டி, மேலே பெயரும் முகவரியும் எழுதிக் கையெழுத்திடவேண்டும். பிறகு தேர்தல் அலுவலகம் விசாரித்து, தகுதி உண்டென்றால் திறந்து எண்ணும். ஜெருஷா அப்படித்தான் போட்டாள். அவளுக்குப் பின்னால் வந்த விடுதிப் பிள்ளைகளுக்கும் அதே கதை. அன்று மாலைக்குள் நாற்பத்து மூன்று உறைகள்.

மறுநாள் மத்தியானம் ஜன்னலுக்கு வந்தாள். கையில் சாண்ட்விச் இல்லை. கவுண்டி அலுவலகத்தைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். ஜூன் மாதம் முகவரியைச் சரிபார்க்க எல்லோருக்கும் அஞ்சலட்டை அனுப்பினார்களாம். யாருடைய அட்டை திரும்பி வந்ததோ அவர்கள் குடிபெயர்ந்துவிட்டார்கள் என்று பெயரை அடித்துவிட்டார்களாம்.

அந்த அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டாக என் மேசைக்குத்தான் வந்தன. "வேறு முகவரிக்கு அனுப்ப வேண்டாம், ஆள் இல்லையெனில் திருப்பி அனுப்பவும்" என்று மேலே அச்சடித்திருந்தது. பிள்ளைகள் எல்லாம் கோடை விடுமுறையில் வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் முத்திரையை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தி, சாயந்திர வண்டியில் திருப்பி அனுப்பினேன். வானொலியில் பேஸ்பால் கேட்டுக்கொண்டே குத்தினேன் என்பதுகூட ஞாபகம் இருக்கிறது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சொன்னேன்.

"என்னோடதுமா?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கும். பேரைப் பாக்கல."

"மூணு வருஷமா தினம் என் மூஞ்சியப் பாக்கறீங்க. என் பெட்டி நம்பர் உங்களுக்கு மனப்பாடம். அப்படியும் ஆள் இல்லைன்னு குத்துனீங்க."

விதி அப்படி என்றேன். சொன்ன மாத்திரத்திலேயே அந்த வார்த்தை எனக்கே கேவலமாகப் பட்டது. அவள் கத்தவில்லை. "அவங்களுக்கு உங்கள மாதிரி நல்லவங்க போதும், மிஸ்டர் வெர்னன். கெட்டவங்களே வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப்பின் பத்து நாள் என் ஜன்னல் பக்கம் வரவில்லை.

அந்தப் பத்து நாளில் நடந்ததெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். விடுதியில்தான் வசிக்கிறோம் என்று நிரூபிக்க மூன்று நாள் கெடு கொடுத்தார்கள். ஜெருஷா கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கிக்கொண்டு, கூட்டாளிகளைத் திரட்டி அதே ஆறாம் நம்பரில் கவுண்டி அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். தேர்தல் பிரிவின் தலைவர் கேட்லெட், மரியாதையாகப் பேசுகிற மனிதர். கடிதம் செல்லாது, வாடகை ஒப்பந்தமோ மின்சார ரசீதோ வேண்டும் என்றார். விடுதியில் இருக்கிறவர்களுக்கு ஏது மின்சார ரசீது, அது கல்லூரி பெயரில் அல்லவா வரும் என்றாள் ஜெருஷா. அப்படியென்றால் கல்லூரியை வந்து ஓட்டுப் போடச் சொல் என்று பக்கத்து மேசைக்காரன் ஒருவன் சொல்ல, அந்த அறையே சிரித்திருக்கிறது. நாற்பத்து மூன்று உறைகளும் நிராகரிக்கப்பட்டன.

மற்ற ஓட்டுகளை எண்ணி முடித்தார்கள். கில்லியம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. ஒடெஸ்ஸா பிம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு. மறுபடி எண்ணினார்கள். அதே கணக்கு.

சமநிலை வந்தால் காசு சுண்டித் தீர்மானிக்கலாம் என்பது எங்கள் மாநிலச் சட்டம். கவுண்டி அலுவலகத்திலேயே கூட்டத்துக்கு நாள் குறித்தார்கள். நான் விடுப்புப் போட்டுவிட்டுப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிஷம். ஜெருஷா எழுந்து மைக்கின் முன் நின்றாள். கையில் எழுதிவைத்த காகிதம் இருந்தது. அதைப் பார்க்கவில்லை.

"இந்தக் கட்டடத்துல, கீழ்த்தளத்துல, ஒரு பெட்டி இருக்கு. அதுல நாப்பத்து மூணு உறை இருக்கு. அதுல ஒண்ணுல என் கையெழுத்து இருக்கு. யாரு ஜெயிச்சாங்கன்னு அந்தப் பெட்டிக்குத் தெரியும். அதத் திறக்க மாட்டோம், காசு சுண்டிக்கிறோம்னு சொல்றீங்க. ஒரு காசு மேல இருக்கற நம்பிக்கை உங்களுக்கு எங்க மேல இல்ல. அந்தக் காசு எந்த முகவரியில குடியிருக்கு? அதுகிட்ட கரன்ட் ரசீது கேட்டீங்களா?"

அறையில் யாரும் சிரிக்கவில்லை. "உங்கள மாதிரி ஆளுங்க வாஷிங்டன்லதான் இருப்பாங்கன்னு நினைச்சேன். இவ்ளோ பக்கத்துல இருப்பீங்கன்னு தெரியாமப் போச்சு" என்றாள். கேட்லெட், நேரம் முடிந்தது என்றார். இன்னும் நாற்பது விநாடி இருக்கிறது என்று அவள் கடிகாரத்தைக் காட்டினாள். அந்த நாற்பது விநாடியும் ஒரு வார்த்தை பேசாமல், அவரையே முறைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பது விநாடியைப் பார்த்ததில்லை.

பிறகு பூவா தலையா போட்டார்கள். ஒடெஸ்ஸா பிம் தலை என்றார். பூ விழுந்தது. கில்லியம் எழுந்து வந்து ஒடெஸ்ஸாவின் கையைக் குலுக்கினார். புகைப்படம் எடுத்தார்கள்.

வெளியே படிக்கட்டில் ஜெருஷா என்னிடம் நேராக வந்தாள். வழக்குப் போட்டால் அந்த அஞ்சலட்டை விஷயத்தைக் கோர்ட்டில் வந்து சொல்வீர்களா என்று கேட்டாள். சொல்கிறேன் என்றேன். அன்று சாயந்திரமே என் மேலதிகாரி என்னைக் கூப்பிட்டு, இதிலெல்லாம் தலையிடாமல் இருப்பது உனக்கும் நல்லது, கல்லூரிக்கும் நல்லது என்று தோளில் தட்டிச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். மறுநாள் அவளுக்காக வழக்கை நடத்தவிருந்த இலவசச் சட்ட உதவிக்காரர்களிடம் போய், எத்தனை அட்டை, எந்த மாதம், எந்த முத்திரை என்று எல்லாவற்றையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தேன்.

ஜனவரியில் ஆறாம் நம்பர் நின்றது. லவர்ன் மூன்று வாரம் தெரிந்தவர்களின் வண்டியில் தொற்றிக்கொண்டு போய்வந்தாள். யாருக்கும் எல்லா நாளும் அந்த நேரம் ஒத்துவரவில்லை. நான்கு தடவை தாமதமாகப் போனாள். ஐந்தாவது தடவை வேலை போனது.

மார்ச் மாதம் தீர்ப்பு வந்தது. கோடையில் வீட்டுக்குப் போவது குடிபெயர்வது ஆகாது, பெயர்களை நீக்கியது தவறு, எல்லோரையும் திரும்பச் சேர்க்கவேண்டும் என்றார் நீதிபதி. ஆனால் பதவி ஏற்றவரை இறக்க முடியாது, முடிவை எதிர்க்கும் காலக்கெடு தாண்டிவிட்டது, உறைகளைத் திறக்க உத்தரவிட முடியாது என்றும் சொன்னார். சட்ட உதவிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். ஜெருஷா அம்மாவுக்குப் போன் செய்தாள்.

"ஜெயிச்சிட்டியாமே. அப்ப பஸ் எப்ப வருது?" என்று லவர்ன் கேட்டிருக்கிறாள். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள்.

அன்றிலிருந்து ஜெருஷாவின் கோபம் இடம் மாறியது. செத்துப்போனவர்களை விட்டுவிட்டாள். செனட்டர் கணக்கெல்லாம் இப்போதும் அநியாயம்தான், ஆனால் அதைத் திட்டிக்கொண்டு நின்ற மூன்று வருஷத்தில் கவுண்டிக் கட்டடத்துக்குள் ஒருநாள்கூடப் போய்ப் பார்க்கவில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். என் ஜன்னலுக்குத் திரும்ப வந்தாள். ஆனால் பழையபடி சாய்ந்து நிற்கவில்லை. வாக்காளர் பதிவில் எழுதவேண்டிய விடுதியின் தெருப் பெயரையும் கதவு எண்ணையும் அச்சடித்த சீட்டுகளை ஒரு டப்பாவில் போட்டு என் பலகை மேல் வைத்தாள். தபால் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் கொடுக்கச் சொன்னாள். கேட்கவில்லை, சொன்னாள். கொடுத்தேன்.

என்னை மன்னித்தாளா என்று இன்றுவரை தெரியாது.

படிப்பு முடிந்து அதே சட்ட உதவி அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள். தேர்தல் காகிதங்களை இருபத்திரண்டு மாதம் வைத்திருந்து பிறகு அழிக்கலாம் என்பது சட்டம். அந்தக் கெடு முடிகிற செப்டம்பரில், அழிக்கும்போது தான் பார்க்கவேண்டும் என்று கவுண்டிக்கு எழுதினாள். பஸ் இல்லாததால் நான் என் வண்டியில் கூட்டிப்போனேன்.

கீழ்த்தளத்தில் கேட்லெட் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். இதைப் பார்த்து உனக்கு என்னம்மா கிடைக்கப்போகிறது என்று தணிவாகத்தான் கேட்டார். அவர் உறைகளை ஒவ்வொன்றாகக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் விட்டார். ஒவ்வொன்றின் மேலிருந்த பெயரையும் ஜெருஷா சத்தமாக வாசித்தாள். தன் பெயர் வந்தபோதும் அதே குரலில் வாசித்தாள். நாற்பத்து மூன்றும் துணுக்குகளாகிக் கூடையில் விழ ஆறு நிமிஷம் ஆனது. கேட்லெட் அவள் முகத்தைப் பார்க்காமல் இயந்திரத்தை நிறுத்தினார்.

மேலே வந்ததும் அவள் நேராக முன்மேசைக்குப் போனாள். வாக்காளர் பதிவுப் படிவம் நூறு வேண்டும் என்று கேட்டாள். ஓர் ஆளுக்கு இருபத்தைந்துதான் தருவோம் என்றாள் அங்கிருந்த பெண்.

"சரி, குடுங்க" என்றாள் ஜெருஷா. வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு இருபத்தஞ்சு வாங்குங்க, மிஸ்டர் வெர்னன். நான் வெளிய போய் ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன்."

நான் வரிசையில் போய் நின்றேன்.