கத்தரி மேடம்

என் மனைவி துறைமுகத்தில் இடம் பங்கு போடும் அதிகாரி. எந்தக் கப்பல் எங்கே நிற்கலாம், மீன்படகு எங்கே ஒதுங்கலாம், பயணிகள் பெர்ரி எந்தப் படியில் ஆள் ஏற்றலாம் என்று வரைபடத்தில் கோடு போடுவது அவள் வேலை. அண்ணன் தம்பி பாகம் பிரித்தாலே மண்டை உடைகிறது. இவளிடம் பாகம் கேட்டு வருகிறவர்களில் பாதிப் பேர் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்தே பேசுவதில்லை.

வீட்டிலும் அதே புத்திதான். எங்கள் இரண்டு அறை வீட்டில் என் செருப்புக்குக்கூட ஒதுக்கப்பட்ட இடம் உண்டு. கல்யாணமான புதிதில், அலமாரியில் எனக்குக் கீழ்த்தட்டு போதவில்லை, மேல்தட்டும் வேண்டும் என்று சண்டை போட்டேன். "சட்டையெல்லாம் எடுத்து வெளிய போடுங்க, பாக்கலாம்" என்றாள். போட்டேன். கிழிந்ததையெல்லாம் கழித்துக் கட்டிவிட்டாள். மீதிக்குக் கீழ்த்தட்டே தாராளம்.

நான் படகுக்காரன். வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களிலிருந்து மாலுமிகளைக் கரைக்குக் கொண்டுவந்து, திரும்பக் கொண்டுபோய் விடுவேன். என் படகு நிற்பது துறைமுக வாசலுக்கு நேர் எதிரே. இறங்கினால் தெரு, தெருவைத் தாண்டினால் பஸ். அந்த இடம்தான் என் சோறு. அது அப்பா காலத்திலிருந்து எங்களுடையது. ஆனால் பெண்டாட்டி தயவில் கிடைத்தது என்றுதான் ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

இந்த நிலையில், பெரிய கப்பல்கள் வரப் போகின்றன, அவை வளைந்து திரும்ப இடம் வேண்டும் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. மேற்குக் கரையில் இருந்த நாங்கள் எல்லோரும் பாதி இடத்துக்குள் ஒடுங்க வேண்டும். மிஞ்சுகிறவர் வடகோடிக்கு, நிலக்கரிக் குவியலுக்குப் பின்னால் போக வேண்டும். ஒரே கூட்டத்தில் எங்களுக்குள் உடன்பாடு வராவிட்டால் கரை மொத்தமும் சரக்குக் கப்பல்களுக்கே போய்விடும்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் படகுகளை அளவுப்படி அட்டையில் வெட்டிக் கொண்டுவர வேண்டும் என்பது என் மனைவி வைத்த வழக்கம். மேசை நிறைய வரைபடம். அட்டையை வைத்துக்கொண்டுதான் பேச வேண்டும். வெறும் வாயை விட்டால் விடிய விடிய மெல்லுவார்கள் என்பது அவள் அனுபவம்.

பெர்ரி முதலாளி கொண்டுவந்த அட்டையில் ஒரு சரக்குக் கப்பலையே ஏற்றிவிடலாம். உல்லாசப் படகு கிளப்பின் செயலாளர், வெள்ளைக் கால்சட்டைக்காரர், அட்டைக்கு வண்ணம் பூசிக் கொடி வேறு ஒட்டியிருந்தார். மீன்படகுச் சங்கத் தலைவி ஒரு பையைக் கவிழ்த்தார்.

"இத்தனை படகு எப்பம்மா வந்துச்சு?" என்று என் மனைவி கேட்டாள்.

"சிலது இன்னும் கட்டல மேடம். கட்டுவோம்ல?"

நானும் அரிச்சந்திரன் இல்லை. என் படகின் மூக்கைக் கொஞ்சம் நீட்டியிருந்தேன்.

அவள் கைப்பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தாள். துறைமுகத்தில் அவளுக்குக் 'கத்தரி மேடம்' என்று பெயர் வந்தது இதனால்தான். பெர்ரியின் வால் போனது. கிளப்பின் கொடி போனது. பிறக்காத மீன்படகுகள் பைக்கே திரும்பின. பிறகு என் அட்டையை எடுத்தாள். "சார், உங்க படகு எப்ப வளந்துச்சு?" என்றாள். வீட்டில் 'என்னங்க', கூட்டத்தில் 'சார்'. நறுக்! எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எவ்வளவு வெட்டியும் ஒரு படகுக்கு இடமில்லை. யாராவது வடகோடிக்குப் போயாக வேண்டும். ஒருவரும் அசையவில்லை.

"மொதல்ல உங்க வீட்டுக்காரர் அட்டைய எடுங்க மேடம்" என்றார் பெர்ரி முதலாளி. "வாசலுக்கு நேரா அவரு சொகுசா நிப்பாரு, நாங்க மட்டும் ஒடுங்கணுமா?"

"நியாயந்தானே?" என்றார் மீன்படகுத் தலைவி. இரண்டு வருஷமாகப் பெர்ரி முதலாளியோடு பேச்சு வார்த்தை இல்லாதவர் அவர். என்னை ஒழித்துக்கட்ட என்றதும் ஒற்றுமை பொங்கி வழிந்தது.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி என் அட்டையை எடுத்தாள். என் முகத்தைப் பார்க்காமலே அதை வடகோடியில் வைத்தாள்.

"இவரு அங்க. இப்ப நீங்க சொல்லுங்க."

மேடம் புருஷனே போன பிறகு மற்றவர்கள் எதைச் சொல்லி முரண்டு பிடிப்பது? பெர்ரி படியை மாற்றிக்கொண்டது, மீன்படகுகள் நெருக்கி நிற்கச் சம்மதித்தன, கிளப்பும் தலையாட்டியது. டீ ஆறுவதற்குள் கையெழுத்தாகிவிட்டது. வெளியே வந்ததும் பெர்ரி முதலாளி என் தோளைத் தட்டி, "உங்க வீட்டம்மா தங்கம் சார்" என்றார்.

"தங்க ஊசின்னா கண்ணுல குத்திக்க முடியுமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் அவள் சமையலறையில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"என் வயித்துல அடிச்சிட்டியே! நான் என்ன இளிச்சவாயனா?" என்று கத்தினேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"அவங்க பொழப்புல கை வைக்க எனக்கு என்னங்க உரிமை இருக்கு? உங்க ஒருத்தர்கிட்டதான் கேக்காம எடுக்கலாம்னு தோணுச்சு."

"கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?"

"குடுத்திருப்பீங்களா?"

பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவளிடம் அது எத்தனை நாளைக்குச் செல்லும்?

"மாட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். கூட்டம் கூட்டமாக ஆட்களை அதட்டுகிறவள், மூக்கு ஒழுகக் குழந்தை மாதிரி அழுதாள். "ஊரே என்னைக் கெட்டவள்னு சொல்லட்டும், தாங்கிக்குவேன். நீங்களும் சொல்லிடுவீங்களோன்னுதான் அங்க உங்க முகத்தையே பாக்கல."

எனக்குக் கோபம் தீரவில்லை. நிலக்கரித் தூசியில் நடந்து வந்து யார் என் படகில் ஏறப் போகிறார்கள் என்ற பயமும் தீரவில்லை. ஆனால் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவும் முடியவில்லை.

"கெட்டவதான். சந்தேகமே வேண்டாம்" என்றேன். "கொஞ்சம் தள்ளு, நானும் உக்காரணும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தாள்.