உதட்டுக்கும் மைக்குக்கும் நடுவே

எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு ஒரு கிட்டார் ஆம்ப்ளிபயர் வாங்குவது என்று முடிவானபோது, எதை வாங்குவது என்ற பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. குழுவில் கிட்டார் வாசிப்பவள் நான். வாசித்துக்கொண்டே பாடுபவளும் நான்தான். போதாக்குறைக்கு எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். நோயாளியின் உடலைத் தொடும் ஆஸ்பத்திரிக் கருவிகளில் மின்சாரம் கசிகிறதா என்று அளந்து பார்ப்பது என் வேலை. அப்படிப்பட்டவளுக்கு மைக்கைக் கண்டால் பயம் என்பது யாருக்கும் தெரியாது.

சில வருடங்களுக்கு முன் ஒரு கிறிஸ்துமஸ் பாடல் ஆராதனைக்கு யாரிடமோ ஆம்ப் இரவல் வாங்கியிருந்தோம். முதல் பாட்டின் இரண்டாம் வரியில் என் உதடு மைக்கில் பட்டது. பற்களுக்குள் வெள்ளையாக ஏதோ வெடித்தது போல இருந்தது. கிட்டார் கம்பிகளின் மேலிருந்த இடது கை என் சொல் கேட்காமல் இறுகியது. எப்படியோ பின்னால் நகர்ந்துவிட்டேன். குழுத் தலைவரான அண்ணன் அந்த வரியை எடுத்துப் பாடி நிரப்பினார். பாட்டு முடிந்ததும், "வரி மறந்து போச்சா மக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்போது அதைச் சொல்வதுதான் சுலபமாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் ஆம்ப்பின் பிளக்கைப் பார்த்தேன். மூன்று கால்களில் நீளமான கால், எர்த் கால், முறிக்கப்பட்டிருந்தது. எங்கள் பக்கத்தில் அது ஒரு கைவைத்தியம். ஸ்பீக்கர் இரைந்தால் அந்தக் காலை முறித்துவிடுவார்கள். இரைச்சல் பல சமயம் அடங்கிவிடும். கசியும் மின்சாரம் மண்ணுக்கு இறங்கும் வழியும் அதோடு போய்விடும். பிறகு அதற்கு வேறு வழி வேண்டும். கம்பியைத் தொட்டபடி மைக்கில் வாய் வைப்பவள் அந்த வழியாகிவிடுகிறாள்.

அதற்குப் பிறகு ஒரு கருப்புப் பஞ்சு உறை வாங்கினேன். மைக்கின் தலையில் அதை மாட்டாமல் நான் பாடியதே இல்லை. நோய் தொற்றாமலிருக்க என்று சொல்லிவைத்தேன். கொரோனாவைப் பார்த்த ஊர், யாரும் மேலே கேட்கவில்லை. பாடுகிறவளின் மூச்சில் நனைந்த பஞ்சு எவ்வளவு காக்கும் என்று எனக்குத் தெரியாமலில்லை. ஆனாலும் மாட்டினேன்.

இப்போது வாங்க வேண்டிய ஆம்ப்புக்கு வழக்கம்போல ஒரு பட்டியல் போட்டேன். திறந்த வெளியில் கேட்கும் அளவுக்கு வாட், மைக் செட்டுக்கு இணைக்க ஒரு தனித் துளை, நான் ஒருத்தியே தூக்கக்கூடிய எடை, சபை தாங்கும் விலை. பயம் என்று எழுத அதில் இடமில்லை.

அண்ணனிடம் வேறொரு யோசனை இருந்தது. நெய்யாற்றின்கரையில் ஒருவர், முன்பு கானமேளாக் கச்சேரிகளில் வாசித்தவர், தன் பழைய ஆம்ப்பை மலிவாக விற்கிறாராம். போனோம். ஓர் அலமாரியின் பாதி உயரம் இருந்தது அது. அவர் கிட்டாரை ஒருமுறை மீட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. நான் குனிந்து பிளக்கைப் பார்த்தேன்.

"இதுக்க மூணாவது கால் எங்க?"

"அத நான் தான் முறிச்சேன் பிள்ளே. சும்மா கெடந்து இரையும். முறிச்ச பொறவு சத்தமே இல்ல."

கையோடு கொண்டுபோயிருந்த டெஸ்டரைக் கிட்டார் கம்பியில் வைத்தேன். அதன் சின்ன விளக்கு எரிந்தது.

"எரியுது பாருங்க."

"அது எரியும். எத்தற வருஷமா எரியுது! அதுக்கு நான் செத்தா போனேன்?" அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். "காலில செருப்பு உண்டுல்லா. பின்ன என்ன பேடியும் பயமும் இந்த எஞ்சினீயருக்கு?"

அண்ணன் சிரித்தார். நானும் சிரிப்பது போல வாயை வைத்துக்கொண்டேன். டெஸ்டரைப் பையில் போட்டேன்.

பைக்கில் திரும்பும்போது, "நல்ல ஒச்சயும் சத்தமும் மக்கா, வெலையும் கொறவு. நீ ஒரு புது பிளக் மாட்டினா தீராதா?" என்று கேட்டார் அண்ணன். பிளக்கை மாற்றி உள்ளேயும் பார்த்துச் சரிசெய்தால் பெரும்பாலும் தீரும். எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெட்டிக்கு முன்னால் மறுபடி வாயைத் திறக்க என்னால் முடியாது.

"எடை கூடுதல் அண்ணா. ஆரு தூக்குவா?" என்றேன். பட்டியல் அன்று அதற்கு உதவியது.

திருவனந்தபுரத்துக் கடையில் பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் ஒன்று இருந்தது. சுவரோடு எந்த உறவும் வேண்டாத பெட்டி. அதன் முன் நெடுநேரம் நின்றேன். விலை அதிகம், சத்தம் கொசுவின் பாட்டு. கடைசியில் முப்பது வாட்டில் நடுத்தரமான ஒன்றை, பிளக்கின் மூன்று கால்களையும் விரலால் ஆட்டிப் பார்த்து, வாங்கினேன். ரயிலில் அதைக் கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டு பாறசாலை வந்து இறங்கினேன். ஸ்டேஷனுக்கு வந்திருந்த அண்ணன் பெட்டியைத் தூக்கிப் பார்த்தார்.

"இதுக்க ஒச்ச நம்ம சபைக் கோயில் முற்றம் தாண்டுமா? மரச்சீனிக் கெழங்கு விக்க வந்தவன் நம்மள விட ஒறக்க கூவுவான்."

அறுப்பின் பண்டிகை அன்று கூட்டம் வருவதற்கு முன்பே மல்டிமீட்டரோடு பந்தலுக்குப் போனேன். மேடைக்கு இழுத்திருந்த பிளக் பலகையில் மூன்று துளைகள் இருந்தன, உள்ளே வந்தது இரண்டு கம்பிகள்தான், எர்த் கம்பி இல்லை. மைக் செட்டுக்காரரிடம் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே, கோயில் அலுவலக அறையிலிருந்து மூன்று கம்பி வயர் ஒன்றை இழுத்துத் தந்தார். மைக் செட்டையும் ஆம்ப்பையும் அதிலேயே சொருகினோம். கிட்டார் கம்பிக்கும் மைக்குக்கும் இடையே அளந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லலாம். ஆனால் ஆம்ப் மெல்ல இரைந்தது.

"இந்தக் காலு தான் பிரச்சனை," என்று அவர் பிளக்கை உருவினார். மறு கையில் கட்டிங் பிளேயர். "முறிச்சிடட்டா?"

"வேண்டாம்!"

மைக் ஆனில் இருந்தது. என் அலறல் முற்றத்தைத் தாண்டி ரோடு வரை கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். "இரையட்டும்," என்றேன், இந்த முறை மைக்கை விட்டுத் தள்ளி நின்று. "இரைஞ்சா இரையட்டும்." அவர் ஏதோ போல என்னைப் பார்த்துவிட்டு பிளக்கைத் திரும்பச் சொருகினார்.

முதல் இரண்டு பாட்டுகளைப் பஞ்சு உறையோடு பாடினேன். பிறகு, காணிக்கையாக வந்த முதல் விளைச்சலை விற்கும் முதற்பலன் ஏலம். எங்கள் ஏலத்தில் பொருளுக்கும் விலைக்கும் சம்பந்தம் இருக்காது. பணம் கோயிலுக்குப் போவதால் ஒரு முட்டை கோழியின் விலைக்குப் போகும். கையில் கிடைத்ததையெல்லாம் ஏலம் விடுவார் கமிட்டிக்காரர். ஒருமுறை பாஸ்டரின் குடையை விட்டிருக்கிறார். அவர் மைக்கை வாங்கி உறையை உருவினார்.

"இது என்ன தொப்பி? இத வச்சா எனக்க சத்தம் கெணத்துக்குள்ள கேக்குது." அதைத் தூக்கிக் காட்டினார். "ஏத்தன் வாழைக்குலை பொறவு. முதல்ல இது. பாட்டுக்காரிக்க தொப்பியாக்கும்! அம்பது ரூவா!"

ஐயோ, அது வேண்டும் என்று கையைத் தூக்கினேன்.

"பாட்டுக்காரி நூறுண்ணு கேக்குது!"

பந்தல் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. "எருநூறு!" என் அம்மா. மகளின் பொருளை வேறு யாரும் கொண்டுபோகக் கூடாதென்று அம்மாவுக்கு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். அம்மா உறையை ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள். அதைத் தரச் சொல்லிச் சைகை காட்டினேன். அம்மா சந்தோஷமாகக் கையசைத்தாள்.

குலைகள், கோழிகள், தேங்காய்கள் எல்லாம் போய் முடிந்ததும் அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டார்கள். மைக்கின் வலைத்தலை வெறுமையாக என் முகத்துக்கு நேரே நின்றது. வேலையில் தெரியாத கருவியைத் தொடுவது போல, இடது கை கம்பியில் இருக்க, வலது புறங்கையால் அதைத் தொட்டேன். ஒன்றுமில்லை. மீட்டர் காட்டிய எண் தலையில் இருந்தது. பயம் வயிற்றில் இருந்தது. ஒன்று சொன்னது மற்றதன் காதில் விழவில்லை.

ஒரு சாண் தள்ளி நின்று பாட ஆரம்பித்தேன்.

"கேக்கல்ல மக்கா, கிட்ட போ," என்றார் அண்ணன் தாளத்தினூடே.

"தொப்பி இல்லாம பாட்டு வராதோ?" கமிட்டிக்காரரின் குரல்தான்.

இரண்டாம் வரி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு முன்னால் போனேன். உதட்டில் இரும்பு பட்டது. குளிர்ச்சி, கமிட்டிக்காரர் மென்றிருந்த ஏலக்காயின் வாசனை. அதற்கு மேல் ஏதும் இல்லை. முதுகுக்குப் பின்னால் ஆம்ப் விடாமல் இரைந்தது. அது அடங்கினால் யாரோ பிளக்கின் காலை முறித்துவிட்டார்கள் என்று அர்த்தம். பாட்டு முடியும்வரை, என் குரலைக்கூடக் கேட்காமல், அந்த இரைச்சலுக்கே காது கொடுத்து நின்றேன்.