மஸ்கட்டிலிருந்து வந்த தலை

மஸ்கட்டுக்கு மீன்பிடி படகு வேலைக்குப் போன அண்ணன் இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பும் நாள் அது. எனக்கு விடியும் முன்பே தூக்கம் போய்விட்டது. போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். அங்கிருந்து சென்னைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல். பறக்க நாலு மணி நேரம்கூட ஆகாதாம்! நான் சத்தமாகப் படிக்க, அப்பாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவரை நாங்கள் நைனா என்போம்.

"பொன்னேரிக்கு பஸ்ஸு, அங்கேர்ந்து ரயிலு, அப்பால மெட்ரோ. நாம மெட்ராஸத் தாண்டறதுக்குள்ள அவன் கடலையே தாண்டிடுவான். கெளம்புங்க, கெளம்புங்க!"

எங்கள் குப்பத்தில் படகு கரைக்கு வரும்போதே பெண்கள் தலைகளை எண்ணிவிடுவார்கள். அம்மா வாய்விட்டு எண்ணுவாள். போன தலையெல்லாம் வந்தால்தான் மீன் பக்கம் பார்ப்பாள்.

விமான நிலையத்தில் நாங்கள் நின்ற சிறிது நேரத்திலேயே, மஸ்கட் விமானம் இறங்கிவிட்டதாகப் பலகையில் எழுத்து வந்தது. நான் குதித்தேன். வெட்கமாவது ஒன்றாவது!

"வந்துட்சா? அப்போ எங்க அவன்?" என்றாள் அம்மா.

படகு கரை தொட்டதும் ஆள் குதித்துவிடுவான். விமானமும் அப்படித்தான் என்று மூன்று பேருமே நினைத்திருந்தோம். பாஸ்போர்ட்டுக்கு ஒரு வரிசை, பெட்டிக்கு ஒரு காத்திருப்பு என்றெல்லாம் நான் படித்த இடத்தில் போடவில்லை. பாழாய்ப்போன போன்! அண்ணனுடையதோ அந்த ஊர் சிம், கூப்பிட்டால் போகவில்லை.

கண்ணாடிக் கதவு திறக்கத் திறக்க யார் யாரோ வந்தார்கள். கடைசியாக வண்டியைத் தள்ளி வந்த ஒருவரிடம் நைனா கேட்டார்.

"மஸ்கட் பிளைட்டா? எல்லாரும் வந்துட்டாங்களே, நான்தான் கடைசி," என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அம்மா கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னாயா இது? படகு வந்துட்சி, எம் புள்ள வரலியே!"

அவள் போட்ட சத்தத்தில் காவலுக்கு நின்றவர் ஓடிவந்தார். கூட்டமே திரும்பிப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து மறுபடி கதவு திறந்தது. அண்ணன்! கறுத்து, இளைத்து, ஒரு அட்டைப்பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி வந்தான்.

"கயிறு அறுந்துட்சிமா. உள்ளயே குந்தி மறுபடி கட்டிகினு இருந்தேன். இன்னாத்துக்கு அழுவுற?"

நைனா முதலில் முடிச்சைத்தான் இழுத்துப் பார்த்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். அம்மா எழுந்து அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். பிறகு அதே கையை அவன் தலைமேல் வைத்தாள்.

"ஒண்ணு," என்றாள்.