ராகு காலத்துக்கு முன்னால் சூடாக்கி வைத்த இன்ஜின்

கண்ணுகளா, புதுச்சத்திரத்துக்குப் பக்கத்தில் அந்தப் பழைய வண்டி விற்கிற யார்டில் நான் போட்ட சத்தத்தை நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் மறந்திருக்க மாட்டீர்கள். பாப்பா, "போலாம்ப்பா, எல்லாரும் பாக்கறாங்க" என்று நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். நான் உன் மேலேயே எரிந்து விழுந்தேன். அது தப்பு. அந்த ஒன்றுக்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி அன்றைக்குப் பேசியதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அதனால்தான் எழுதுகிறேன்.

பதினோரு வருசம் நான் ரிக் வண்டியில் இருந்தேன். தண்ணிக்குப் போர்வெல் போடுகிற வேலை. நம்மூரில் இல்லை, மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று எங்கெங்கோ. பாப்பா பிறந்த சேதி எனக்குப் போனில்தான் வந்தது. தம்பி என்னை முதன்முதலில் பார்த்தபோது "மாமா" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், சேர்த்த காசில் ஒரு பழைய பிக்கப் வாங்குவது, நாமக்கல் பண்ணைகளில் முட்டை ஏற்றி சேலத்துக் கடைகளுக்குப் போடுவது, ராத்திரி வீட்டில் சாப்பிடுவது என்று. வண்டி நல்லதாக அமைந்தால் உங்களோடு இருப்பேன். இன்ஜின் காலை வாரினால் மறுபடி ரிக்குதான். தை முடிகிற வரைக்கும் என் இடத்தில் வேற ஆளைப் போடாமல் வைத்திருக்கிறேன் என்று ரிக் மேனேஜர் சொல்லியிருந்தார்.

எந்த இன்ஜின் என்று ஒரு மாசம் விசாரித்தேன். டீக்கடையில் கேட்டால் எல்லோரும் பெரிய இன்ஜினைத்தான் சொன்னார்கள். "அது இழுக்கற இழுவைக்குக் கொல்லிமலையே ஏறுமுங்க." கொல்லிமலைக்கு நான் எதுக்குப் போகிறேன்? நாமக்கல்லிலிருந்து சேலம், சேலத்திலிருந்து நாமக்கல். சமமான ரோடு. முட்டை பெரிய கனமும் இல்லை, முட்டை வண்டியை விரட்டி ஓட்டவும் முடியாது. எவ்வளவு இழுக்கும் என்று கேட்பதற்கு முன்னால் எவ்வளவு குடிக்கும் என்று கேட்கணும். அடுத்தது, புதுமாதிரி சென்சார் இன்ஜின். டீசல் கம்மியாகக் குடிக்கும், வாஸ்தவம்தான். ஆனால் கோளாறு வந்துவிட்டால் கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற ஆளைத் தேடி அலையணும். பழைய மாதிரி டீசல் பம்ப் வைத்த சின்ன இன்ஜின் கொஞ்சம் சத்தம் போடும். ஆனால் ராசிபுரத்தில் எந்தப் பட்டறையிலும் பிரித்துக் கோத்துவிடுவார்கள். எனக்கு அதுதான் சரி என்று பட்டது. இப்போதும் அதைத்தான் சொல்வேன்.

அந்த யார்டில் அதே மாதிரி இன்ஜின் வைத்த ஒரு வெள்ளை பிக்கப் இருந்தது. அதனால்தான் ஒரு வெள்ளிக்கிழமை உங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

புரோக்கர் சிரித்துக்கொண்டே வந்தான். "வாங்க, வாங்க. சாமிகளா, ஏறிப் பாருங்க" என்று உங்களை வண்டியில் உட்கார வைத்தான். சாவியைத் தொட்டதும் இன்ஜின் பிடித்துக்கொண்டது. "சத்தத்தக் கேளுங்க. மாவு ஆட்டற கிரைண்டராட்ட இல்லீங்களா? ஒரே ஓனர். ஷோரூம் கண்டிசன். லிட்டருக்குப் பதினேழு கண்ண மூடிட்டுக் குடுக்குமுங்க."

இன்ஜினை நிறுத்தச் சொல்லி பேனட்டில் கை வைத்தேன். சுட்டது. ஒரு நிமிசம் ஓடிய சூடு இல்லை அது.

"காலையில எங்கியோ போயிட்டு வந்ததாட்ட இருக்குதுங்களே?"

"இல்லீங்க. ஒரு வாரமா நிறுத்துனது நிறுத்துனபடி நிக்குது. வெயிலுங்க."

தை மாசம், மணி ஒம்பதே முக்கால், வண்டி நிற்பது புளியமர நிழல். அங்கே என்ன வெயில்? இந்தப் பொய்யைச் சொல்லும்போது அவன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. எனக்கு அங்கேயே பற்றிக்கொண்டு வந்தது.

கண்ணுகளா, தேய்ந்துபோன இன்ஜின் சூடாக இருக்கும்போது நல்ல பிள்ளையாகத்தான் இருக்கும். ஆறின பின்னால் ஸ்டார்ட் பண்ணினால்தான் குட்டு வெளிப்படும். ரிக்கில் கம்ப்ரஷர் இன்ஜினை விடிகாலையில் கிளப்புவது என் வேலை. அதனால் எனக்கு இது தெரியும். "ஆறட்டுமுங்க, அப்பறமா ஸ்டார்ட் பண்ணிப் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவன் என்னை விட்டுவிட்டான். நேராக உங்கம்மாவிடம் போனான். "அக்கா, பத்தரைக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள ஒரு டோக்கன் அட்வான்ஸ் குடுத்துட்டா வண்டி உங்களுது. இத்தன வருசம் ஊட்ட விட்டு இருந்த மனுசன் வாங்கற மொத வண்டி. நேரம் தப்பிரக் கூடாது பாருங்க." நான் ரிக்கில் இருந்ததை உங்கம்மாதான் பேச்சுவாக்கில் சொல்லியிருந்தாள். அதையே பிடித்துக்கொண்டான்.

உங்கம்மா கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "டோக்கன்தானுங்க, குடுத்தரலாம். ஆயிரம் பேரு பாத்துட்டுப் போற எடம்."

"ராகு காலம் மனுசனுக்கு. இன்ஜினுக்கு ரெண்டே காலம்தான், சூடா இருக்கற காலம், ஆறிப்போன காலம்" என்றேன். டீ குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் சிரித்தார்கள். உங்கம்மா சிரிக்கவில்லை. கோபத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே கிடந்த ஒரு பழைய டயரின் மேல் நான் உட்கார்ந்துவிட்டேன்.

பத்தரை தாண்டியது. அரைமணி நேரம் கழித்து அவன் ஒரு ஆளைக் கூப்பிட்டு, "பின்னால இருக்கற வண்டி வெளிய வரோணும், இத முன்னால எடுத்துப் போடு" என்றான். அந்த ஆள் வண்டியில் ஏறி சாவியைத் திருகப் போனான். பின்னால் எந்த வண்டியும் கிளம்பவில்லை. மறுபடி சூடாக்கத்தான் இந்த வேலை. ஓடிப்போய் சாவியைப் பிடுங்கி என் சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். சத்தம் போட்டது அப்போதுதான். "யாரு ஊட்டுக் காசுன்னு நெனச்சீங்க? பதினோரு வருசம் மண்ணத் தின்னு சேத்த காசு" என்று கத்தினேன்.

"சாவியப் புடுங்கிட்டு உக்காந்துக்குவீங்களா? பூமியில ஓட்ட போடற ஆளுக்கு வண்டியப் பத்தி என்னங்க தெரியும்?" என்றான் புரோக்கர்.

"ஓட்ட எங்க இருக்குதுன்னு தெரியுமுங்க."

பாப்பா, நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தது அப்போதுதான். உனக்கு வெட்கமாக இருந்திருக்கும். எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. தன் காசுக்கு ஒரு பொருளைப் பார்த்து வாங்க ஒரு மனுசன் கத்த வேண்டியிருக்கிறதே என்ற வெட்கம். டீ குடித்த அந்த நாலு பேருக்கும் அந்த வண்டியின் லட்சணம் தெரியும். அங்கேயே கிடக்கிறவர்கள். ஒருத்தராவது வாயைத் திறந்தார்களா? "விடுங்க அண்ணா, பழைய வண்டி வாங்க வந்துட்டு" என்று எனக்குத்தான் புத்தி சொன்னார்கள்.

பதினொன்றே கால் இருக்கும். ஆட்டோ ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் அட்வான்ஸை எடுத்து நீட்டினார். நம் புரோக்கர் அதைக் கண்ணில் ஒற்றி மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். நட்டநடு ராகு காலத்தில்! அந்தப் பணத்துக்கு மட்டும் நேரம் காலம் கிடையாதா? பொய் சொன்னான், சரி, வியாபாரம். ஆனால் தன் புருசன் ஊரோடு இருக்கணும் என்று சாமியைக் கும்பிடுகிற ஒரு பொம்பளையின் நம்பிக்கையை எடுத்து அவள் கழுத்துக்கே கயிறாகப் போட்டானே, அதைத்தான் என்னால் இன்றைக்கும் பொறுக்க முடியவில்லை.

உங்கம்மாவும் அதைப் பார்த்துவிட்டாள். எழுந்து வந்து அந்த டயரில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இருங்க. நல்லா ஆறட்டும்" என்றாள். அதற்குப் பிறகு எவன் சிரித்தாலும் எனக்கு உறைக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு பேனட்டில் கை வைத்தேன். சூடு அடங்கியிருந்தது. ஸ்டார்ட் பண்ணினேன். கர் கர் என்று சுற்றியது, பிடிக்கவில்லை. அஞ்சாவது தடவை உதறிக்கொண்டு எழுந்தது. பின்னால் கிளம்பிய வெள்ளைப் புகையில் டீ கிளாஸோடு நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார்கள். இன்ஜின் ஓட ஓட, ஆயில் ஊற்றுகிற ஓட்டையின் மூடியைக் கழற்றி அந்த ஓட்டையின் மேலேயே கவிழ்த்து வைத்தேன். கொதிக்கிற சோற்றுப் பானை மூடி மாதிரி தடதடவென்று ஆடி எகிறிக் கீழே விழுந்தது. உள்ளே எல்லாம் தேய்ந்து, மேலே போக வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது என்று அர்த்தம். பட்டறைக்காரர்கள் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். இந்த இன்ஜின் டீசலும் குடிக்கும், ஆயிலும் குடிக்கும், ஆறு மாசத்தில் என்னையும் ரிக்குக்கு அனுப்பியிருக்கும்.

அவன் கொஞ்சமாவது தலை குனிந்தானா? "பழைய வண்டின்னா அப்படி இப்படித்தானுங்க இருக்கும். வெலையில கொறச்சுக்கலாம்" என்றான். காலையில் ஷோரூம் கண்டிசன், மத்தியானம் பழைய வண்டி! சாவியை அவன் கையில் வைத்துவிட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

தை முடிய ரெண்டு வாரம்தான் இருந்தது. பயமாக இருந்தது, உங்களிடம் காட்டிக்கொள்ளவில்லை. கடைசியில் தம்மம்பட்டியில் ஒரு பால்காரர் தன் வண்டியை விற்பதாகத் தெரிந்தது. அதே சின்ன இன்ஜின். போன் போட்டால் அவராகவே சொன்னார், "காலையில அஞ்சரைக்கு வந்துடுங்க. நான் சாவியத் தொடமாட்டேன், நீங்களே ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. மூணாவது கியர் கொஞ்சம் மொரண்டு புடிக்கும், அதையும் இப்பவே சொல்லிடறேன்." பனியில் ரெண்டாவது சுற்றிலேயே பிடித்தது. டேங்க் நிறைய அடித்து ஓட்டிப் பார்த்து, அதே பெட்ரோல் பங்கில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி நிரப்பினேன். லிட்டருக்குப் பதினாலு. பதினேழு என்று யாரும் சத்தியம் பண்ணவில்லை, ஆனால் பதினாலு நிஜம். மூணாவது கியர் சொன்னபடியே மொரண்டு பிடிக்கிறது. அன்றைக்கே மேனேஜருக்குப் போன் பண்ணி, "நான் வரலீங்க, வேற ஆளப் போட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டேன்.

இனி சொல்வது உங்கம்மாவுக்கும் தெரியாது. வண்டியை எடுத்துக்கொண்டு தனியாக வரும்போது அந்த யார்டைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம், வாசலில் ஒருத்தரும் இல்லை. அந்த வெள்ளை பிக்கப் விற்காமல் அங்கேயே நின்றது, மேலெல்லாம் புழுதி. என்னை மாதிரியே ரிக்கிலிருந்து எவனாவது பெண்டாட்டி பிள்ளைகளோடு வருவான் என்று தோன்றியது. இறங்கிப் போய், அதன் பின்பக்கக் கதவில் படிந்திருந்த புழுதியில், ஆள்காட்டி விரலால், பெரிய எழுத்தில் எழுதினேன்: "இன்ஜினை ஆற விட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கவும்." ஒரு வாளித் தண்ணீரில் போய்விடும் என்று தெரியும். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வண்டியில் ஏறினேன்.