பொக்கெற் இல்லாத காற்சட்டை

எனக்கு மனத்திடம் போதாது என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். யுத்தத்தின் கடைசி வருடங்களில், கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் குடும்ப டொக்டர் அதை என் முகத்துக்கு நேரே சொன்னார். எனக்குச் சீனி வருத்தம். நிறை எண்பத்தாறு கிலோ.

"குறைக்காட்டி ஊசிதான் அம்மா. விடிய எழும்பி நடக்கிறதில என்ன கஷ்டம்?"

என்ன கஷ்டமாம்! கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை முனையில் ஆமிக்காரர் மறித்துக் கேட்கும் சென்றி. போகும்போது ஒருதரம், வரும்போது ஒருதரம் பதில் சொல்ல வேண்டும். காரில் வந்து காரில் போகிற மனுசனுக்கு இது எங்கே விளங்கப்போகிறது?

அவர் அப்போதுதான் ஒரு புதுத் திட்டம் தொடங்கியிருந்தார். தினமும் பின்னேரம் கைபேசிக்கு ஒரு மெசேஜ் வரும்: இண்டைக்கு நடந்தீங்களா? நடந்தால் 1, இல்லாவிட்டால் 0 அனுப்ப வேண்டும். அவருடைய டிஸ்பென்சரிச் சுவரில் தொங்கிய அட்டையில் நேர்ஸ் பிள்ளை அதை எழுதிவிடும். என் பெயருக்கு நேரே இரண்டு கிழமையும் முட்டைதான்.

"தனியப் போகாதேங்கோ. துணைக்கு ஒராளைக் கூட்டிக்கொண்டு போங்கோ, உற்சாகம் தானா வரும்" என்றார்.

துணைக்கு இருந்தது என் தம்பி. விசா அலுவலாக யாழ்ப்பாணத்திலிருந்து வந்து என்னோடு தங்கியிருந்தான். அன்றைக்கு டிஸ்பென்சரிக்கும் கூடவே வந்து, பகிடியாகத் தராசில் ஏறிப் பார்த்தான். அறுபத்தெட்டு. திரும்பும் வழியில், நடக்க வசதியாக இருக்கட்டும் என்று காலி வீதி நடைபாதைக் கடையில் அவனுக்கு ஒரு கட்டைக் காற்சட்டை வாங்கினேன். நிறம் பார்த்தேன், இடுப்பளவு பார்த்தேன். பொக்கெற் இருக்கிறதா என்று பார்க்கவில்லை.

அந்தக் காலத்தில் பாண் வாங்கப் போனாலும் வாசலில் கை தானாகப் பொக்கெற்றைத் தொட்டு, அடையாள அட்டை இருக்கிறதா என்று பார்க்கும். அடுத்த நாள் விடிய, அந்தக் காற்சட்டையோடு நடக்க இறங்கியபோது, அவன் கை எதைத் தொடும்? கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவுத் துண்டும் அடையாள அட்டையும் கதவில் தொங்கிய நீளக் காற்சட்டைக்குள் இருந்தன. என்னுடையது வழக்கம்போல் என் கைப்பேர்சில் இருந்தது.

"ஐடி எக கோ?" என்று தம்பியிடம் அடையாள அட்டையைக் கேட்டான் சென்றியில் நின்றவன்.

வீட்டில் இருக்கிறது, இரண்டு நிமிடத்தில் கொண்டு வருகிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொல்லிவிட்டு ஓடினேன். மூச்சு வாங்க அட்டையோடு திரும்பி வந்தபோது தம்பி அங்கே இல்லை. ஜீப்பில் ஏற்றிவிட்டார்களாம். எங்கே என்று கேட்டதற்குத் தெரியாது என்றார்கள்.

பதினொரு நாள். பொலிஸ், லோயர் வீடு, கொட்டாஞ்சேனையில் ஒரு ஃபாதர், மறுபடி பொலிஸ் என்று அலைந்தேன். சாப்பாட்டு நேரமெல்லாம் ஏதாவதொரு வாசலில் காத்துநின்றே போயிற்று. கைபேசி கத்தும்போதெல்லாம் தம்பியைப் பற்றிய செய்தியோ என்று ஓடுவேன். எடுத்துப் பார்த்தால், இண்டைக்கு நடந்தீங்களா? ஆத்திரத்தில் ஒவ்வொரு நாளும் 1 அனுப்பினேன். நடந்தேன்தானே!

பன்னிரண்டாம் நாள் தம்பியை விட்டார்கள். ஏன் பிடித்தார்கள், ஏன் விட்டார்கள் என்று ஒரு வார்த்தை இல்லை. அடுத்த நாள் எனக்கு டிஸ்பென்சரித் தவணை. அவனைத் தனியே விட மனமில்லாமல் கூட்டிக்கொண்டு போனேன்.

"ஐஞ்சு கிலோ குறைஞ்சிட்டுது!" என்று நேர்ஸ் பிள்ளை கை தட்டியது. காத்திருந்த சனமும் தட்டியது. டொக்டர் வெளியே வந்து சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக் காட்டினார். வரிசையாகப் பதினொரு ஒன்றுகள்.

"பாத்தீங்களா, மனசு வச்சா முடியும். எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு இவைக்கும் சொல்லுங்கோ."

வாசலில் நின்ற தம்பியைக் கூப்பிட்டேன்.

"ஏறடா தம்பி."

அவன் தராசில் ஏறினான். முள் அறுபத்தொன்றில் நின்றது.

"இவன் ஏழு கிலோ குறைச்சிட்டான் டொக்டர். உங்கட மெசேஜ் ஒண்டும் தேவைப்படேல்லை. பதினொரு நாள் பூட்டி வச்சு நடக்கவும் விடேல்லை. இவனுக்கும் கை தட்டுங்கோ."

ஒருவரும் தட்டவில்லை. டொக்டர் அட்டையை மேசையில் குப்புற வைத்தார். தம்பி தராசிலிருந்து இறங்கி, சட்டைப் பொக்கெற்றை ஒருதரம் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.