மலர் அக்காவின் பைக்குக்கு நான் கட்டின சப்பறம்

லைட் கூடக்கூடச் சட்டமும் கூடும் என்றுதான் நான் நம்பியிருந்தேன்.

சிரிக்காதீர்கள். சேற்றில் ஓடுகிற டேர்ட் பைக்குக்கும் ரோட்டில் ஓடுகிற பைக்குக்கும் என்ன வித்தியாசம்? முதலாவதில் லைட் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஆகவே லைட்டைப் பூட்டினால் பைக் சட்டத்துக்குள் வந்துவிடும். நிறையப் பூட்டினால் சட்டத்தின் நடுவீட்டுக்குள்ளேயே போய் இருந்துவிடும். லண்டனில், லூயிஷாம் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே கனகாலமாக டெலிவரி ஸ்கூட்டர் திருத்துகிற என்னுடைய தத்துவம் இது. இப்போது தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் இதைப் படித்து என்னைப் பகிடி பண்ணலாம். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

1. மலர் அக்கா வருகிறார்

மலர் அக்கா நோர்பரியில் இருக்கிறார். நைட் பஸ் ஓட்டுகிறவர். ஒருநாள் வான் ஒன்றில் எண்டூரோ என்கிற பழைய சேற்றுப் பந்தய பைக் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கினார். பைக்கில் நம்பர் பிளேட் இல்லை, கண்ணாடி இல்லை, ஹோர்ன் இல்லை, பற்றரிகூட இல்லை. உதைத்தால் மட்டும் புலி மாதிரி உறுமியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஸ்கூட்டருக்குள்ளேயே வாழ்ந்தவனுக்கு அது குதிரை அல்லவா!

"தம்பி, இதை ரோட்டிலே ஓடுற மாதிரிச் செய்துதர ஏலுமோ?"

"ஏன் அக்கா, சேத்திலே ஓடத்தானே உது?"

"வேல்ஸிலே நாங்கள் ஓடப்போற சேத்துப் பாதையும் சட்டப்படி ரோட்டுத்தானாம். பிளேட், இன்ஷூரன்ஸ் எல்லாம் வேணும். போன வருஷம் எங்கட டிப்போச் சனம் எல்லாம் சேத்திலே ஓட, பிளேட் இல்லையெண்டு நான் வானுக்குள்ளே இருந்து சாண்ட்விச் பிரிச்சுக் குடுத்தனான். இந்த வருஷமும் சாண்ட்விச் எண்டால் நான் டிப்போவுக்குள்ளே தலை காட்டேலாது."

இதுதான் வேலை. பத்து வயது தாண்டிய பைக் என்றபடியால் புதுப் பைக்குகளுக்கு வைக்கிற பெரிய அப்ரூவல் சோதனை தேவையில்லை. எந்த வருஷத்துப் பைக் என்று ஒரு பழைய பைக் கிளப்பிடம் அக்கா ஏற்கெனவே அத்தாட்சி வாங்கிவிட்டார். எம்.ஓ.டி. என்கிற வாகனச் சோதனையில் பாஸாக வேண்டும். பாஸானால் எல்லாவற்றையும் சேர்த்துச் சுவான்சியில் இருக்கிற வாகனப் பதிவு அலுவலகத்துக்கு அனுப்பலாம். அங்கேயிருந்து நம்பர் வரச் சில கிழமை எடுக்கும். வேல்ஸ் பயணம் கோடை நடுவில். பிந்த இடமில்லை.

"ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ அக்கா, நான் செய்துதாறன்" என்றேன். எப்போது ஓடப்போகிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. இதை நினைவில் வைத்திருங்கள்.

2. சப்பறம்

முதலில் உருப்படியான வேலைகளைச் செய்தேன். பழைய டயரில் "ரோட்டுக்கு அல்ல" என்று எழுதியே இருந்தது. ரோட்டுக்கும் சேற்றுக்கும் பொதுவான டயர் போட்டேன். கண்ணாடி, ஸ்பீடோமீற்றர், பிளேட் பூட்ட ஒரு தகடு. ஹோர்னுக்கு மட்டும் சீற்றுக்குக் கீழே ஒரு குட்டிப் பற்றரி.

பிறகு எனக்குப் பேய் பிடித்தது. ஹெட்லைட், டெயில் லைட், பிரேக் லைட், நாலு பக்கமும் இண்டிக்கேற்றர், பிளேட்டுக்கு மேலே ஒரு சின்ன லைட். பின்னேரம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அக்சிலரேற்றரை முறுக்கினேன். வளைவு முழுக்கப் பகலானது! என் மச்சான் சுதன், மனைவியின் தம்பி, கடையில் பங்காளி, தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து நின்றான்.

"அத்தான், பைக்கே கட்டுறியள், திருவிழாவுக்குச் சாமி காவுற சப்பறமே கட்டுறியள்? மேளக்காரரை நான் பிடிக்கட்டோ?"

"பொறாமைப்படாதை."

"இவ்வளவு லைட்டுக்கும் கரண்ட் எங்காலை வரும்?"

"எஞ்சினிலே ஸ்டேட்டர் இருக்குத்தானே" என்றேன். எஞ்சின் சுற்றும்போது மின்சாரம் எடுக்கிற சுருள்தான் ஸ்டேட்டர். இந்தப் பைக்கில் இருந்தது பிளக்குக்கு நெருப்புப் போடவென்றே செய்த நோஞ்சான். கையை முறுக்கிக்கொண்டு பார்த்தவரைக்கும் அது மானத்தைக் காத்தது. கையை எடுத்துவிட்டு நான் பார்க்கவேயில்லை. அவ்வளவு சந்தோசம்.

3. வயிறு

எம்.ஓ.டி. நிலையத்துக்கு நானும் சுதனும் மலர் அக்காவும் பைக்கை என் வானில் ஏற்றிக்கொண்டு போனோம். மலர் அக்கா கண்ணூறு கழிய முன் சில்லுக்குக் கீழே ஒரு தேசிக்காய் வைத்தார். சோதிக்கிற மனிதர் டேவ் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, "இது பிரேக் சோதனையில் சேர்த்தியா?" என்று கேட்டார். பிறகு கையில் பட்டியல் அட்டையை எடுத்தார்.

என் வயிற்றைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அகதியாக வந்து, அட்டை பிடித்த மனிதர்களுக்கு முன்னால் வரிசை வரிசையாக நின்ற வயிறு அது. பிரித்தானியப் பாஸ்போர்ட் எடுத்த பிறகும் அதற்கு யாரும் செய்தி சொல்லவில்லை. அட்டையைக் கண்டதும் அது தானாகவே பதில் சொல்லத் தொடங்கிவிடும்.

டேவ் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிச் சும்மா ஓடவிட்டார். ஹெட்லைட் ஊதுபத்தி நுனி மாதிரி எரிந்தது. பிரேக்கை அமத்தினார், ஹெட்லைட் மங்கியது. இண்டிக்கேற்றரைப் போட்டார். எல்லாம் ஒன்றாகச் செத்தன.

"இந்த வயரிங் யார் செய்தது?"

அவர் கேட்டது ஆங்கிலத்தில். பதில் என் வயிற்றிலிருந்து வந்தது: "முந்தின ஓனர்."

மலர் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ தம்பி, அவன் ஒரு லைட்டும் பூட்டேல்லையே! எல்லாம் நீர்தானே பூட்டினனீர்!" பிறகு டேவைப் பார்த்து, முழு லண்டனுக்கும் விளங்குகிற ஆங்கிலத்தில், என்னை நோக்கி விரலை நீட்டி, "இவர்தான்" என்றார்.

கையும் மெய்யுமாகப் பிடிபட்டேன். என்னை ஊருக்கே திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். பைக் வயரிங்குக்காக!

"பெயில்" என்றார் டேவ். "இன்றைக்கே சரிசெய்து கொண்டுவந்தால் திரும்பப் பார்ப்பேன். இல்லாவிட்டால் அடுத்த மாதம்தான் இடம் இருக்கிறது."

அடுத்த மாதம் என்றால் நம்பர் வராது. நம்பர் வராவிட்டால் சாண்ட்விச். அக்காவின் முகம் தொங்கியது. ஸ்டேட்டர் மாற்றி, பெரிய பற்றரி வைத்து, வயரிங் முழுக்கத் திரும்பச் செய்வது ஒருநாள் வேலை இல்லை. நான் அழாத குறையாக டேவிடம் விளக்கத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"பூட்டின லைட் வேலை செய்யத்தான் வேண்டும். முன்னுக்கும் பின்னுக்கும் லைட்டே இல்லாத பைக் என்றால் நான் லைட் பார்க்கமாட்டேன். ஆனால் பகலில் மட்டும்தான் ஓடலாம், மூடுபனியிலும் ஓடக்கூடாது. இரவில் ஓடுவாரா?"

நான் அக்காவைப் பார்த்தேன். முதல் நாளே கேட்டிருக்கவேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். "அக்கா, இரவிலே ஓடுவியளோ?"

"விசரே உமக்கு? இரவிலே ஓடத்தான் எனக்கு டபுள் டெக்கர் தந்திருக்கினமே!"

4. கழற்றல்

நிலையத்துக் கார் பார்க்கில், வானின் பின்கதவைத் திறந்துவிட்டு, நானும் சுதனும் பாய்ந்தோம். என் வாழ்நாளில் இவ்வளவு சந்தோசமாக என் வேலையை நானே பிய்த்ததில்லை. இண்டிக்கேற்றர், டெயில் லைட், ஹெட்லைட், வயர் எல்லாம் வாளிக்குள் விழுந்தன. "சாமி இருப்புக்கு வந்திட்டுது, சப்பறத்தைப் பிரியுங்கோ!" என்று சுதன் கத்தினான்.

"டேவைக் கூப்பிடு" என்றேன்.

"நில்லும்" என்றார் மலர் அக்கா. "வண்டியைச் சுத்திப் பாக்காமல் நான் ஒருநாளும் சீட்டிலே ஏறினதில்லை." சுற்றிப் பார்த்தார். பிரேக்கைப் பிடித்தார். ஹோர்னை அமத்தினார். சத்தமே இல்லை. பிய்த்த வேகத்தில் ஹோர்ன் வயரையும் பிய்த்திருக்கிறேன். அறுந்த நுனிகளைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட்டேன். அடுத்த அமத்தலுக்கு அது போட்ட சத்தத்தில் டேவ் தானாகவே வெளியே வந்துவிட்டார்.

தொழிலுக்கு வருகிறவர்களுக்கு: கொண்டுவந்தவர் அதை எங்கே, எப்போது ஓடப்போகிறார் என்று கேட்டுவிட்டு ஸ்பானரைத் தொடுங்கள். லைட்டை எஞ்சின் சும்மா ஓடும்போது பாருங்கள்.

நான் பூட்டிய லைட் ஒன்றுகூட இல்லாமல் பைக் பாஸானது. நம்பர் நேரத்துக்கு வந்தது. லைட் இல்லாத பைக்கை வேல்ஸ் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போக முடியாதென்று என் வானில்தான் ஏற்றிக்கொண்டு போனோம். மலர் அக்கா இரண்டு தரம் சேற்றில் விழுந்தார். இரண்டு தரமும் எழும்பி ஓடி, பொழுதுபட முன்னம் மற்றவர்களோடு வந்து சேர்ந்தார். வானுக்குள் இருந்து சாண்ட்விச் பிரித்துக் கொடுத்தது நான்.