மல்லாரூ ஸ்டேஷனுக்கு எது முன்வாசல்

டல்சி ஹார்க்னஸ் மல்லாரூ ரயில்வே ஸ்டேஷனை விலைக்கு வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் ஊரே வாயைப் பிளந்தது. ரயில் நின்று பல வருஷமான ஸ்டேஷன் அது. தண்டவாளத்துக்கு நடுவே இடுப்பளவு புல். சிட்னியிலிருந்து எவனாவது பணக்காரன் வந்து எடுப்பான் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். கடைசியில் எடுத்தது யார் என்று பார்த்தால், பண்ணை பண்ணையாக அலைந்து ஆட்டு ரோமம் வெட்டுகிறவர்களுக்குச் சமைத்துப்போட்ட பொம்பளை!

சின்ன வயதிலேயே அந்த வேலைக்குப் போனவள். விடிவதற்குள் அடுப்பு மூட்டி ஆட்டுக்கறியும் முட்டையும் பொரிக்கவேண்டும். அது முடிந்து நிமிர்ந்தால் டீயோடு தின்ன ஸ்கோன் என்ற குட்டி ரொட்டி, பிறகு மதியச் சாப்பாடு, பிறகு கேக், பிறகு ராத்திரிச் சாப்பாடு. ஒரு பண்ணையில் ரோமம் வெட்டி முடிந்ததும் மூட்டையைக் கட்டிக்கொண்டு அடுத்த பண்ணை. படுக்கை எப்போதும் சமையலறைக்குப் பின்னால் யாரோ கொடுத்த அறையில். லெஸ் என்று ஒருவனைக் கட்டிக்கொண்டாள். அவன் வடக்கே வேலை என்று போனவன் போனவன்தான். ஆக, அறுபது வயதுவரை தனக்கென்று பூட்டித் திறக்க ஒரு கதவு அவளுக்கு வாய்க்கவில்லை. ஸ்டேஷனில் எட்டுக் கதவு இருந்தது. அதைப் பார்த்துத்தான் மயங்கியிருப்பாள் என்று நினைக்கிறேன்.

வாங்கிய பிறகு குழப்பம் ஆரம்பித்தது. பழைய கட்டடங்களைக் காப்பாற்றுகிறோம் என்று ஒரு அலுவலகத்திலிருந்து டை கட்டிய ஆள் வந்தான். ஊர்ப்பெயர்ப் பலகையைக் கழற்றாதே, டிக்கெட் ஜன்னலை அடைக்காதே, பெஞ்சை நகர்த்தாதே.

"படுக்கவாவது படுக்கலாமா?" என்று கேட்டாள் டல்சி.

அவன் சிரிக்கவில்லை. சட்டத்தில் அதற்குத் தடை இருப்பதாகத் தெரியவில்லை என்றான்.

அடுத்தது சமையலறை. எங்கள் பக்கத்தில் மனுஷன் என்று இருப்பவன் எவனும் முன்வாசல் வழியாக வரமாட்டான். முன்கதவைத் தட்டினால் ஒன்று போலீஸ், இல்லையென்றால் பாதிரியார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து, குரல் கொடுத்து, நேரே அடுப்படிக்குள் நுழைவோம். டல்சிக்கும் அது தெரியும். அதனால் ரொம்ப யோசித்துத்தான் பின்பக்கத்தில் அடுப்பை வைத்தாள். ரயிலைப் பார்த்த பக்கம்தானே ஸ்டேஷனுக்கு முகம்? பெயர்ப் பலகை அங்கே, கடிகாரம் அங்கே, பூவேலை செய்த இரும்புத் தூண்கள் அங்கே. அப்படியென்றால் ரோட்டுப் பக்கம் முதுகு. அங்கேயிருந்த பழைய டிக்கெட் அறையில் அடுப்பை வைத்து, கதவை அகலத் திறந்துபோட்டு, கெட்டிலைக் கொதிக்கவிட்டு உட்கார்ந்தாள். இனி ஊர் வரும்.

ஊர் வரவில்லை. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை.

தினம் புதிதாக ஸ்கோன் சுட்டாள். சாயங்காலம் கோழிகளுக்குப் போட்டாள். தன்மேல் என்ன குற்றம் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டாள். இத்தனைக்கும் பிளாட்பாரப் பக்கத்துக் கதவு வேறு அடிக்கடி டொக் டொக் என்று சத்தம் போட்டது. ரேடியோவையும் தாண்டி, நடுவிலிருந்த பெரிய ஹாலையும் தாண்டி அந்தச் சத்தம் வரும். எழுந்து போய்ப் பார்ப்பதற்குள் நின்றுவிடும். பாழாய்ப்போன மேல்காற்று கதவை ஆட்டுகிறது என்று ஒருநாள் எரிச்சலோடு ஒரு பலகையை எடுத்து உள்பக்கமாகக் குறுக்கே வைத்து ஆணி அடித்துவிட்டாள்.

பிளாட்பாரத்துப் பெஞ்சில் வேறு சாமான்கள் முளைத்தன. ஒருநாள் ஒரு பை எலுமிச்சை. ஒருநாள் பூசணி. பிறகு தக்காளி ஊறுகாய் ஜாடி. டல்சிக்குத் தலை சுற்றியது. இந்த ஊரில் எவனுக்கோ புத்தி பேதலித்து, ரயில் இன்னும் வருகிறதென்று பார்சல் வைத்துவிட்டுப் போகிறான் என்று முடிவு கட்டினாள். அடுத்தவன் பொருளில் கைவைத்தால் சமையல்காரிக்கு வேலை போய்விடும். அந்தப் பழக்கத்தில் அவள் ஒன்றையும் தொடவில்லை. பூசணி அழுகி வழிந்தது.

அதற்கப்புறம் கடைக்குப் போனால் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தச் சமயம் பார்த்து வீட்டுத் தரகன் போன் செய்தான். சிட்னிக்காரத் தம்பதி ஸ்டேஷனைக் கேட்கிறார்களாம், நல்ல விலையாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். டல்சி அன்று முழுக்க அழுதாள். ஆசையாக வாங்கிய வீடு. ஆனால் மனுஷ வாடையே இல்லாத வீட்டில் எப்படிக் காலம் தள்ளுவது? கொடுத்துவிடலாம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். தான் போவதற்கு முன் அந்தப் பைத்தியக்காரன் சாமான்களையாவது எடுத்துக்கொள்ளட்டும் என்று வியாழக்கிழமை கோரல் ஸ்டப்ஸ் கடைக்குப் போனாள். கோரல்தான் எங்கள் ஊருக்குத் தபால், பெட்ரோல், ரொட்டி எல்லாம்.

"கோரல், யாரோ என் பிளாட்பாரத்துல பூசணிக்காய் வச்சிட்டுப் போறாங்க. ரயில் வராதுன்னு சொல்லி எடுத்துக்கச் சொல்லேன்."

கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோரல் கண்ணாடியைக் கழற்றினாள்.

"ஏம்மா, அது உனக்கு வச்சதும்மா!"

"எனக்கா? எனக்குன்னா கதவைத் தட்டிக் குடுக்க வேண்டியதுதானே?"

"தட்டலையா? ஊரே தண்டவாளம் வழியா வந்து தட்டிச்சு! நீ உள்ள ரேடியோ போட்டுக்கிட்டு மகாராணி மாதிரி உக்காந்திருந்தே. நான் தேங்காய்ப்பூ கேக் பண்ணித் தட்டோட நிக்கிறேன், நீ உள்ளயிருந்து ஆணி அடிக்கிறே! டம் டம்முன்னு! என் மூஞ்சிக்கு நேரா! எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

டல்சி கவுண்டரை நெருங்கி வந்தாள். "எந்தக் கதவு?"

"பின்கதவுதான். வேற எது?"

"பின்கதவுலதான் நான் நாள்பூரா உக்காந்திருக்கேன்!"

"அது முன்கதவு! ரோட்டைப் பாத்திருக்கு, கார் போகுது. அங்க வந்து தட்ட நாங்க என்ன போலீஸா?"

"பிளாட்பாரம்தான் முன்பக்கம்! பேர் எழுதியிருக்கே!"

தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற ரெக்ஸ், புகையிலை வாங்க வந்தவர், இதில் மூக்கை நுழைத்தார். "டல்சி சொல்றதுதான் சரி. ரயில்ல வர்றவனுக்கு அதானே முன்பக்கம்."

"யோவ், எந்த ரயில்ல வந்தே நீ இன்னிக்கு?" என்றாள் கோரல். "என் கேக்குல பாதியைத் தின்னுட்டு இப்போ அவ பக்கம் பேசுறியா?"

சண்டை தபால் மூட்டை கொண்டுவந்தவன்வரை போயிற்று. கடைசிவரை தீரவில்லை, இன்றைக்கும் தீரவில்லை. டல்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று புரியவில்லை. ரொட்டி வாங்க மறந்து வெளியே வந்தவளைப் பார்த்து, "நாளைக்கு வர்றேன், ஆணியைப் பிடுங்கி வை" என்று கோரல் கத்தினாள்.

ஆணியைப் பிடுங்கினாள். மறுநாள் விடிந்ததிலிருந்து சமைத்தாள். ஆட்டுத்தொடை, உருளைக்கிழங்கு, புட்டிங், ரெண்டு தட்டு ஸ்கோன். மத்தியானம் பிளாட்பாரப் பக்கமிருந்து "ஏ, இருக்கியா?" என்று குரல் கொடுத்துக்கொண்டே கோரல் ஹாலைத் தாண்டி வந்தாள். மேஜையைப் பார்த்தவள் நின்றுவிட்டாள்.

"யாருக்கும்மா இவ்வளவும்?"

"நீ வர்றேன்னு சொன்னியே."

"நான் சாப்பிட்டுட்டுத்தானே வந்தேன்."

டல்சி கையில் கரண்டியோடு நின்றாள். ஒன்றும் விளங்கவில்லை. "அப்போ எதுக்கு வந்தே?"

"இதென்ன கேள்வி? உன்னைப் பாக்கத்தான்."

"என்னையா? என்னை எதுக்கு?"

கோரல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருஷத்தில் டல்சியின் அடுப்படிக்குள் வந்தவர்கள் எல்லாரும் பசித்து வந்தவர்கள். தின்றார்கள், தட்டைப் போட்டார்கள், போனார்கள். பசிக்காமல் வந்த ஆளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. கரண்டியை வைத்தாள், மறுபடி எடுத்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் தானாகக் கொட்டியது.

"உக்காருடி," என்றாள் கோரல்.

அப்போது போன் அடித்தது. தரகன்.

"மிசஸ் ஹார்க்னஸ், இன்னிக்கு வெள்ளிக்கிழமை. என்ன முடிவு பண்ணீங்க?"

டல்சி மூக்கை உறிஞ்சினாள்.

"இப்போ பேச முடியாதுங்க. எங்க வீட்டுக்கு ஆள் வந்திருக்காங்க."

"சரி, அப்புறம் எப்போ கூப்பிடட்டும்?"

"கூப்பிடாதீங்க," என்று போனை வைத்துவிட்டு, கோரலுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.